செங்கோட்டைப் பக்கத்துப் பழைய செங்கல் வீடு: ஓய்வுகாலத்துக்குத் தயார் செய்யும் வரிசை

சென்னையிலோ மும்பையிலோ வேலை பார்த்து முடித்துவிட்டு, தாத்தா கட்டிய வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, இலஞ்சி, பண்பொழி பக்கம் வருகிறவர்கள் அநேகம் பேர். வந்ததும் முதலில் கூப்பிடுவது பெயிண்டரை. அடுத்து டைல்ஸ் கடை. இரண்டும் கடைசியில் வரவேண்டியவை. பழைய வீட்டு வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஈரம், அடுத்து கூரை, அப்புறம் கரண்ட், கழிப்பறை, தரை, படி. பூச்சும் நிறமும் எல்லாம் முடிந்த பிறகு. வரிசை மாறினால் ஒரே சுவரை இரண்டு தடவை உடைக்க நேரும்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்கு 60 வயது, மாடி ஏறுகிறீர்கள், தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் அளவெடுக்க வேண்டியது 80 வயது முழங்காலுக்கு.

கையில் இருப்பது என்ன வீடு?

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலையாளப் பக்கத்து ஆட்சியில், முதலில் திருவிதாங்கூரிலும் அடுத்து திரு-கொச்சியிலும், இருந்த ஊர். வீடுகளில் தமிழ்க் கை, மலையாளக் கை இரண்டும் தெரியும். தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), அரங்கு (உள்ளே உள்ள சாமான் அறை), முற்றம், அடுக்களை, புறவாசல் என்ற அமைப்பு திருநெல்வேலிச் சீமையுடையது. மேலே மங்களூர் ஓடும் ஆஞ்சிலிக் கைமரமும் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) மலைக்கு அந்தப் பக்கத்தது. சுவர் செங்கல்தான், ஆனால் சாந்து என்ன என்பதுதான் முக்கியம். அரங்கு மாதிரி கண்ணில் படாத ஓர் இடத்தில் பூச்சைக் கொஞ்சம் தட்டிவிட்டு, இரண்டு கல்லுக்கு நடுவே ஆணியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறத்தில் ஆணியை எதிர்த்தால் சிமெண்ட். 70, 80 வருஷத்துக்கு முந்திய வீடு என்றால் பெரும்பாலும் முதலாவதுதான்.

கூரையையும் பாருங்கள். பல வீடுகளில் முன்பக்கம் ஓடு, நடுவே மச்சு (மரக்கட்டை மேல் போட்ட சுண்ணாம்புத் தளம்), பின்னால் அப்பா காலத்தில் போட்ட கான்கிரீட் சிலாப் என்று மூன்று தலைமுறை ஒரே வீட்டில் நிற்கும். ஒழுகுவது எப்போதும் இவை சேரும் இடத்தில்.

சுவரில் விரிசல் இருந்தால், அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போன பிறகு கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய காயம், அடைத்துவிடலாம். உடைந்திருந்தால் அஸ்திவாரம் இன்னும் அசைகிறது. சுவர் வெளியே சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். அந்த இடத்தில் கொத்தனார் யோசனை போதாது. பழைய கட்டடம் பார்த்துப் பழகிய இன்ஜினியரைக் கூட்டிவாருங்கள், அவருக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று வேலைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். வரிசை வீடாக இருந்தால் பக்கத்துச் சுவர் பொதுச்சுவரா என்பதையும் பத்திரத்தில் தேடுங்கள். பொதுச்சுவரில் ஒரு துளை போடுவதற்கு முன் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி வழக்கு வராது. புதிதாக அறை சேர்த்தாலோ மாடி எடுத்தாலோ நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ அனுமதி வாங்க வேண்டும்.

எந்த மாதம்?

இந்த ஊருக்கு இரண்டு மழை. ஆரியங்காவு கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரலும் காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. நடுவில் கோடை இடி மழை வேறு. கூரையைப் பிரிக்க மாசி, பங்குனிதான் நம்பிக்கையான காலம். சுண்ணாம்புப் பூச்சும் சித்திரைக்குள் முடிந்துவிட வேண்டும். வைகாசியில் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தார்ப்பாயோடு ஓடுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கலாம். சாரல் காலத்தில் வயரிங், மரவேலை, கதவு, ஜன்னல் என்று உள்வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

பணத்தில் பாதி வீணாவது இதைச் சரியாகக் கண்டுபிடிக்காததால். சுவர் பொரிகிறது என்றால் காரணம் நான்கில் ஒன்று.

தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரம் வரை ஒரே மட்டத்தில் கறை, அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது ஓதம். மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலேறி, காய்கிற இடத்தில் உப்பை விட்டுப் போகிறது. அந்த உப்பு படிகமாகிப் பெருக்கும்போது பூச்சைத் தள்ளுகிறது. கறை மேலிருந்து கீழே வழிந்திருந்தால் கூரை ஒழுக்கு. மேற்குச் சுவர் மட்டும் ஆடி மாதத்தில் திட்டுத்திட்டாக நனைந்தால் சாரல் பக்கவாட்டில் அடிக்கிறது. சித்திரை வெயிலிலும் ஓர் இடம் மட்டும் ஈரமாகவே இருந்தால் உள்ளே குழாய் கசிகிறது. இதற்குச் சோதனை எளிது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மேல் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் திருடன் குழாய்க்குள்தான்.

நான்கிலும் அதிகம் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவது ஓதம். கொத்தனார் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "ஐயா, இந்தச் சுண்ணாம்பைக் கொத்தி எறிஞ்சிட்டு சிமெண்டு பூசிருவோம், கல்லு மாதிரி நிக்கும்." நிற்கும், இரண்டு மழைக்கு. சுண்ணாம்புச் சுவருக்கு ஈரம் வெளியே போக வழி வேண்டும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. உள்ளே மாட்டிய ஈரம் இன்னும் உயரமாக ஏறி, சிமெண்டுக்கு மேலே புதிய இடத்தில் பொரியும். மூன்றடியில் இருந்த கறை ஐந்தடிக்குப் போனதும் ஐந்தடிக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள். அப்போது பழைய செங்கல் உள்ளுக்குள்ளேயே உதிர ஆரம்பிக்கும்.

சரியான முறை வெளியிலிருந்து தொடங்குகிறது. தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு, புறவாசலில் மண் ஏறி, வெளித்தரை வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கும். சுவரை ஒட்டி உள்ள மண்ணை, உள் தரையைவிட ஆறு அங்குலமாவது கீழே போகும்படி வெட்டி எடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் ஒரு வாய்க்காலில் ஓடட்டும். சுவரோடு ஒட்டி யாரோ போட்ட சிமெண்ட் தளம் இருந்தால் அரையடி அகலத்துக்கு உடைத்து ஜல்லி நிரப்புங்கள். இதைச் செய்தாலே பல வீடுகளில் ஓதம் பாதியாகக் குறையும்.

அடுத்து, கறைக்கு ஓரடி மேலே வரை பழைய சிமெண்ட் பூச்சை எடுத்துவிடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ள வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு சும்மா விடுங்கள். கல் ஓர் அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர்கள் கணக்கு. ஒன்றரைக்கல் சுவருக்கு ஒரு கோடை முழுதாவது வேண்டும், அதனால் பூச்சு அடுத்த வருஷச் சித்திரைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் "எப்ப பூசுவீங்க?" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

பூசும்போது நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீரில் போட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகளைக் கிட்டே விடக்கூடாது. குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் ஊறவிட்டு எடுக்க வேண்டும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது பழைய வழக்கம். தெரிந்த கொத்தனார் கிடைத்தால் செய்யட்டும். பூச்சை வெயில் நேரே படாமல் சில நாள் லேசாக நனைத்து வைக்க வேண்டும். மேலே வெள்ளையடிப்புதான். பட்டி வைத்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் மறுபடியும் வழியை அடைத்தவர்கள் ஆவோம்.

சுவரில் துளை போட்டு மருந்து செலுத்தி ஓதத்தை நிறுத்தும் முறையும் இருக்கிறது. வெளித்தரையைத் தாழ்த்தாமல் அதை மட்டும் செய்வது காசுக்குக் கேடு. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவதைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் அந்தக் குலுக்கலைத் தாங்குமா என்பது எனக்குப் பெரிய சந்தேகம்.

கரையான் மருந்து அடிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு இமிடாக்ளோபிரிட் மாதிரி மருந்து விடுவார்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஓடா, சிலாப்பா?

"இந்த ஓட்டை எடுத்துட்டு சிலாப் போட்டுருவோம்" என்ற பேச்சு கட்டாயம் வரும். கணக்கைப் பாருங்கள். ரீப்பரோடு (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) சேர்த்து மங்களூர் ஓடு சதுர அடிக்கு 6 கிலோ அளவுதான். 5 அங்குல கான்கிரீட் சிலாப் சதுர அடிக்கு 29 கிலோ. ஏறக்குறைய ஐந்து மடங்குச் சுமையைச் சுண்ணாம்புச் சுவர் மேல் ஏற்றுவதற்கு முன் இன்ஜினியர் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தாக வேண்டும். தவிர சிலாப் பகல் வெயிலை வாங்கி வைத்து ராத்திரி உங்கள் தலையில் இறக்கும். என் யோசனை: ஓட்டுக் கூரை உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஓடு மாற்றும்போது பழைய ஓட்டுக்கே பழைய ஓட்டைத் தேடுங்கள். ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் எந்த ஆலையில் செய்தது என்ற முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய பிறகு கேரளக் கரை முழுதும் ஓட்டு ஆலைகள் வந்தன. ஒவ்வோர் ஆலை அச்சுக்கும் பள்ளமும் வரம்பும் கொஞ்சம் வேறு. முத்திரை வேறாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று உட்காராது, இடுக்கில் சாரல் ஏறும். புனலூர், கொல்லம் பக்கம் வீடு பிரிக்கும்போது பழைய ஓடு விலைக்கு வரும். ஒரு ஓட்டை வண்டியில் கொண்டுபோய் முத்திரை ஒத்துப்பார்த்து வாங்குங்கள். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சொத்தென்று கேட்டால் கீறல் இருக்கிறது. ஆஞ்சிலி, தேக்குக் கைமரம் அங்கேயே கிடைக்கும். மரம் ஏற்றினால் புளியரை செக்போஸ்ட்டில் கேட்பார்கள், பில்லும் அனுமதிச் சீட்டும் யார் பொறுப்பு என்று வியாபாரியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

குற்றாலத்துக் குரங்குகள் இந்தப் பக்கமும் வரும். மோட்டு ஓட்டைச் சாந்து வைத்துக் கட்டி, ஓரத்து வரிசை ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு சேர்த்துக் கட்டினால் ஓரளவு தப்பலாம். மேற்குப் பக்கம் இறவாணத்தை (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) இரண்டடி கூடுதலாக நீட்டுங்கள், சாரலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. நீட்டும் பகுதியைச் சுவரோடு இழுத்துக் கட்ட மறந்தால் ஆடிக் காற்று தூக்கிவிடும்.

மச்சு இருந்தால் இரண்டு இடம் பாருங்கள். தேக்குக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் நுனி, அங்கேதான் உளுக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக்கூடாது. போனால் இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் சேர்த்து முடுக்கலாம், மச்சையே இடிக்கத் தேவையில்லை. அடுத்தது மேல்தளம். ஒழுகும்போதெல்லாம் ஓர் அடுக்கு சிமெண்ட் போட்டே வந்திருப்பார்கள், ஓரத்தில் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். அந்தச் சுமை முழுவதையும் இறக்கி, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு, மேலே தட்டோடு பதித்து, தண்ணீர் ஓடச் சரிவு கொடுங்கள்.

கரண்ட்

கட்டை வயரிங்கோ எர்த் இல்லாத இரட்டை வயரோ இருந்தால் ஒட்டுப்போடாமல் மொத்தமாக மாற்றுங்கள். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர், தனி எர்த் குழி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்தக் கடைசிச் சாமானை "அடிக்கடி ட்ரிப் ஆகுது சார்" என்று கழற்றிவைக்கும் எலக்ட்ரீசியனை மாற்றிவிடுங்கள். ஈரச் சுவர் வீட்டில் உயிரைக் காப்பது அது. அரைக்கல் சுவரில் மெஷினால் காடி வெட்ட விடாதீர்கள், மேலோடு கேசிங் பைப்பே போதும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை காலடி வெளிச்சம் தரும் சின்ன விளக்கு, கட்டில் பக்கம் இருவழி ஸ்விட்ச், குனியாமல் எட்டும் பிளக். அழகு விளக்குக்குப் போகும் பணத்தை இதில் போடுங்கள்.

கழிப்பறை

புறவாசலில் இருக்கும் கழிப்பறையை நம்பி முதுமையைத் தொடங்க முடியாது. படுக்கும் அறையை ஒட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் அரங்குதான் அதற்கு வாகாக அமையும். அரங்கை விட்டுக்கொடுக்க வீட்டில் பெரியவர்கள் யோசிப்பார்கள், பொறுமையாகப் பேசுங்கள்.

உள் அளவு 6க்கு 8 அடி இருந்தால் துணைக்கு ஒருவர் உள்ளே நிற்க முடியும். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 5 அடி வட்டம் தேவை. கதவு திறப்பு 3 அடி, வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது நகரும் கதவாக இருக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவில், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பித் திறக்கும் தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது.

கம்மோடின் உட்காரும் உயரம் 18 அங்குலம். கடையில் எடுத்து வைத்திருப்பது 15, 16 அங்குலமாக இருக்கும், டேப் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். பக்கச் சுவரிலிருந்து கம்மோடின் நடுவுக்கு ஒன்றரை அடி விடுங்கள், அப்போதுதான் சுவரில் உள்ள கைப்பிடி கைக்கு வாகாக வரும்.

அந்தக் கைப்பிடி விஷயத்தில் கவனம். பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் குழல் வைத்து ஸ்க்ரூ முடுக்கினால், பார்க்க உறுதியாக இருக்கும். விழப்போகும் ஒருவர் முழு எடையோடு ஒரே வெட்டாக இழுக்கும்போது செங்கல்லோடு பிடுங்கிக்கொண்டு வரும். சுவரின் மறுபக்கம் வரை துளை போட்டு, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் மட்டும் புதுச் செங்கல்லும் சிமெண்டுமாக ஒரு சுவர் எழுப்பி அதில் பொருத்துங்கள். மாட்டியதும் நீங்களே தொங்கிப் பாருங்கள். கொத்தனாரையும் தொங்கச் சொல்லுங்கள்.

தரையில் படி கூடாது. குளிக்கும் பகுதியைப் பிரிக்க அரையங்குலத் திட்டு வைப்பதற்குப் பதில், நீளமான ஜாலி வாய்க்கால் போட்டு அதை நோக்கிச் சரிவு கொடுக்கலாம். டைல்ஸ் சொரசொரப்பாக, சின்ன அளவாக இருக்கட்டும். கடையில் கையால் தடவிப் பார்ப்பது போதாது, ஒரு சொட்டுத் தண்ணீரோடு சோப்பும் தேய்த்து செருப்பில்லாத காலை வைத்துப் பாருங்கள். புதிதாக செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் போட்டால் கிணற்றிலிருந்து 60 அடிக்காவது தள்ளி வையுங்கள், பக்கத்து வீட்டுக் கிணறும் இதில் சேர்த்தி.

தரை, படி, வாசல்

காவித் தரை நன்றாக இருந்தால் உடைக்காதீர்கள், காலுக்குக் குளிர்ச்சி. ஈரமானால் வழுக்கும் என்பதால் முற்றத்து ஓரமும் அடுக்களை வாசலும் மட்டும் சொரசொரப்புக் கல்லாக மாற்றலாம். முற்றம் பட்டாசலைவிட முக்கால் அடி தாழ்ந்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் அந்த விளிம்பு தெரியாது. நிறம் வேறான ஒரு பட்டையைச் சுற்றிலும் பதித்து, இறங்கும் இடத்தில் மட்டும் ஒரு கைப்பிடிக் கம்பி நடுங்கள். முற்றத்தின் மேல் ஷீட் போடுவதாக இருந்தால் ஓடுகளுக்கு ஓரடி மேலே தூக்கி, பக்கங்களைக் கம்பிவலையோடு திறந்தே விடுங்கள். மூடி அடைத்தால் வீட்டின் மூச்சு நின்றுபோகும்.

வாசற்படியில்தான் தகராறு. மஞ்சள் குங்குமம் வைக்கும் கீழ்ப்படியை அறுக்க ஆசாரியும் சம்மதிக்க மாட்டார், அம்மாவும் சம்மதிக்க மாட்டார். அறுக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் சாய்வாகச் சீவிய தேக்குப் பலகையை அணைத்து வைத்தால் வாக்கரும் ஏறும், படியும் அப்படியே இருக்கும்.

தெருவிலிருந்து வீட்டுக்கு ஏறச் சாய்தளம் என்றால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும். தெருவைவிட இரண்டடி உயரத்தில் இருக்கும் வீட்டுத் தரைக்கு 24 அடி! தெருவில் அவ்வளவு இடம் ஏது? பல வீடுகளில் புறவாசல் பக்கம் மண் உயரமாக இருக்கும், சாய்தளத்தை அங்கே போட்டு, சந்து வழியாக வண்டி வரும்படி பாருங்கள். முன்பக்கம் 6 அங்குல உயரம், 12 அங்குல அகலம் கொண்ட படிகளும், இரண்டு பக்கமும் 34 அங்குல உயரத்தில் கைப்பிடியும். திண்ணையை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்குவது இப்போதைய பழக்கம். செய்யாதீர்கள். 18 அங்குல உயரத் திண்ணை, மூட்டு வலிக்காரர் உட்கார்ந்து எழச் சரியான அளவு.

அடுக்களையில் மேடை 33 அங்குலம், மேல் அலமாரியைக் குறைத்து இழுக்கும் டிராயர்கள், உட்கார்ந்து நறுக்க ஒரு தாழ்ந்த மேடை, சிலிண்டர் வெளியே. இவ்வளவு போதும்.

ஆளும் கணக்கும்

பழைய வீட்டு வேலையைச் சதுர அடிக் காண்ட்ராக்டில் கொடுக்காதீர்கள். கொத்தத் தொடங்கிய பிறகுதான் உள்ளே என்ன என்று தெரியும், பேசிய தொகைக்குள் முடிக்க அவர் சிமெண்டைத்தான் பூசுவார். சுண்ணாம்பு வேலைக்கும் ஓட்டு வேலைக்கும் தினக்கூலி, கழிப்பறைக்கும் வயரிங்குக்கும் வேலைவாரியாக ரேட் என்று பிரியுங்கள். மதிப்பீட்டுக்கு மேல் கால் பங்குப் பணத்தைத் தனியாக வையுங்கள். சுண்ணாம்பு தெரிந்தவர் என்று சொல்லி வருகிறவரைப் புறவாசல் சுவரில் நாலடி பூசச் சொல்லி, காய்ந்த பிறகு பார்த்துப் பேசி முடியுங்கள்.

வேலை முடிந்த வீட்டுக்கு வருஷத்துக்கு இரண்டு கவனிப்பு. சாரலுக்கு முன் ஓடு மாற்றி, கூரை ஓரத்துச் சருகைத் தள்ளி, வெளி வாய்க்காலை வெட்டிவிட வேண்டும். ஐப்பசிக்கு முன் மச்சில் தண்ணீர் தேங்குகிறதா என்று ஒரு வாளி ஊற்றிப் பார்க்க வேண்டும். ஏணியில் நீங்கள் ஏறாதீர்கள். ஓடு மேயத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் இப்போது சில பேர்தான், வைகாசி பிறந்துவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது. பங்குனியிலேயே சொல்லி, அட்வான்ஸ் கொடுத்து நாள் குறித்துக்கொள்ளுங்கள்.